களஞ்சியத்தை நீங்களே அமைத்துப் பாருங்கள்

மாணவர்களே, குழுவாக நிரல் எழுதுவோரின் மடிக்கணினியில் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று ஒரே கோப்பு பல பெயர்களில் கிடக்கும். எதை யார் மாற்றினார் என்று கேட்டால் பதில் வராது. இந்தத் தொல்லைக்குத்தான் 'கிட்' என்ற மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நேரம், குறிப்பு ஆகியவற்றோடு அது சேமித்து வைக்கும்.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று எனப் பலர் நினைக்கிறார்கள். கிட்ஹப் 2008-இல் தொடங்கப்பட்ட இணையச் சேவை. 2018 முதல் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். கிட் என்பதோ யார் கணினியிலும் இயங்கும் இலவச மென்பொருள். ஆகவே, கழகத்தின் முதல் களஞ்சியத்தைப் பள்ளியின் பழைய கணினி ஒன்றிலேயே அமையுங்கள் என்பேன்.

கிட் பிறந்த கதையே இதற்குச் சான்று. லினக்ஸ் நிரலாளர்கள் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற வணிக மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தினர். 2005-இல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. இரவல் கருவி கைவிட்டுப் போனதும் லினஸ் டோர்வால்ட்ஸ் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே, ஏப்ரல் 7-ஆம் தேதி, கிட் தன் சொந்த நிரலையே சேமிக்கத் தொடங்கிவிட்டது!

வேலை கடினமன்று. ஆசிரியரின் அனுமதியோடு பழைய கணினியில் லினக்ஸ், கிட், எஸ்எஸ்எச் மூன்றையும் நிறுவுங்கள். 'கிட் இனிட்' கட்டளையோடு 'பேர்' என்ற தெரிவையும் சேர்த்தால் வெறுங்களஞ்சியம் உருவாகும். அதில் வரலாறு மட்டுமே இருக்கும். திருத்துவதற்கான கோப்புகள் இரா. சாதாரணக் களஞ்சியமாக அமைத்தால், அங்கே திறந்திருக்கும் கிளைக்கு நீங்கள் அனுப்பும் மாற்றங்களை கிட் ஏற்க மறுக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பிறகு ஒவ்வொருவரின் பொதுச் சாவியையும் அந்தக் கணினியில் சேர்க்க வேண்டும். தனிச் சாவி உங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. பள்ளிக் கட்டமைப்புக்குள் இவை எல்லாம் நடப்பதால், இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது.

"கிட்ஹப்பில் இரண்டு நிமிட வேலைதானே?" என்பீர்கள். உண்மைதான், பிறகு அதையும் பயன்படுத்துங்கள். ஆனால், 'சர்வர்' என்பது இன்னொரு கணினிதான் என்பது கையால் செய்தவருக்கே விளங்கும். பராமரிப்பும் உங்கள் தலையில்தான் விழும். வன்தட்டு பழுதானால், கடைசியாகப் பிரதி எடுத்தவரின் கணினியில் அதுவரையிலான முழு வரலாறும் இருக்கும். இருந்தாலும் வாரம் ஒருமுறை வேறொரு வட்டில் நகல் எடுங்கள். படிவம் 5 மாணவர்கள் பள்ளியை விட்டுப் போகும்போது அவர்களின் சாவிகளை நீக்கிவிட்டு, நிர்வாகப் பொறுப்பைப் படிவம் 4 மாணவர்களிடம் ஒப்படையுங்கள்.