நம்ம ஆளுக்கு என்ன கொள்கை?

பினாங்கில் ஒரு தமிழர் வேட்பாளராக நின்றால் நாம் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரிதான். எந்த ஊரு? எந்தத் தோட்டத்துப் பிள்ளை? தமிழ்ப்பள்ளியில படிச்சவரா? எந்தக் கோயில் கமிட்டியில இருந்தாரு? பதில் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடும். ஜெயித்தால் எதற்காகச் சண்டை போடுவார், கட்சித் தலைமை கூடாது என்று சொன்னால் அடுத்து என்ன செய்வார் என்று செராமாவில் யாரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. வேட்பாளரின் வாழ்க்கை வரலாறே அவருடைய கொள்கை என்று நாம் முடிவுகட்டி ரொம்ப நாளாகிவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பேராசிரியர் பி. இராமசாமியின் அரசியல் வாழ்க்கையே போதுமான சான்று. பின்னணி என்று பார்த்தால் அவருடையதைவிடச் சிறந்தது கிடைக்காது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியர். தோட்டத் தொழிலாளர்கள், தொழிற்சங்கம், மூலதனம், அரசு ஆகியவற்றுக்கு இடையிலான உறவைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூலை 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்டது. 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் பேரணியின் சூடு ஆறும் முன்பே, 2008 மார்ச்சில், ஜசெக வேட்பாளராகப் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். எதிரே, 1990 முதல் முதலமைச்சராக இருந்த கெராக்கானின் கோ சூ கூன். இராமசாமி ஜெயித்தார், பிறை சட்டமன்றத் தொகுதியையும் சேர்த்து. இரண்டாம் துணை முதல்வரானார். நம் வீடுகளில் அன்று இருந்த பூரிப்பு சும்மா வந்ததல்ல. அதை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் அடுத்த ஆண்டே கம்போங் புவா பாலா வந்தது. குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமம். நிலத்தை அரசு ஊழியர் கூட்டுறவுக் கழகத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது முந்தைய அரசு. நில உரிமை மாற்றம் நடந்து முடிந்தது புதிய அரசின் காலத்தில். மக்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் கிராமம் இடிக்கப்பட்டது. யார் துரோகி என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. தற்காலிக உரிமத்தில் தலைமுறைகளாக அரசு நிலத்தில் வாழ்பவர்களுக்கு உங்கள் நில கொள்கை என்ன என்று 2008இல் எந்த வேட்பாளரிடமாவது கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்திருந்தோமா? தோட்டத் தொழிலாளர் பற்றிப் புத்தகம் எழுதியவர் நம் பக்கம் இருக்கிறார் என்ற நம்பிக்கை மட்டும்தான் நம் கையில் இருந்தது. நம்பிக்கையை யாரும் நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

துணை முதல்வராக இராமசாமி இருந்தது 15 ஆண்டுகள். கல்வி, மனிதவளம், அறிவியல், தொழில்நுட்பம் போன்ற துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. இதே காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவான் பெரிய தொழிற்பேட்டையானது. 2014இல் இரண்டாவது பாலம் வந்தது. நாம் எதைப் பற்றி அதிகம் பேசினோம்? ரதத்தைப் பற்றி. 1894 முதல் ஓடும் செட்டியார்களின் வெள்ளி ரதத்தோடு, 2017 தைப்பூசத்தில் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் ஓடியது. எது முன்னே போகணும், எது பின்னே என்று செலவழித்த வாய்ச்சண்டையில் பாதியையாவது தமிழ் இடைநிலைப்பள்ளி யோசனைக்குச் செலவழித்திருக்கலாம். அதையும் அவர்தான் முன்வைத்தார். கல்வி கூட்டரசின் அதிகாரம் என்பதால் அது நகரவில்லை. அதை நகர்த்த என்ன வழி என்று அவரையும் கேட்கவில்லை, புத்ராஜெயாவில் இருந்தவர்களையும் கேட்கவில்லை.

2023இல் ஜசெக அவருக்கு மீண்டும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. கட்சியை விட்டு விலகி ‘உரிமை’யைத் தொடங்கினார். 2025இல் அறப்பணி வாரியப் பணம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். அது நீதிமன்றத்தின் வேலை. நான் பேசுவது நம் வேலையைப் பற்றி.

அவருக்குப் பின் இரண்டாம் துணை முதல்வரானவர் ஜக்தீப் சிங் டியோ. உடனே கொதித்தோம். தமிழர் பதவி பஞ்சாபிக்குப் போச்சே! அவர் கையில் வந்தது மனிதவள மேம்பாடு, அறிவியல், தொழில்நுட்பம். பிறையில் ஜெயித்த சுந்தராஜூவுக்கு வீடமைப்பு. நம் இளைஞர்களின் வேலையும் வீடும் இந்த இரண்டு மேசைகளில்தான் இருக்கின்றன. அந்த மேசைகளைப் பற்றி ஒரு கேள்வி? காணோம். பாயான் லெப்பாசில் பொறியாளராக வேலை செய்கிறேன். நான் பார்த்த வரையில் நம் பிள்ளைகள் அதிகம் இருப்பது ஆப்பரேட்டர், டெக்னீஷியன் வரிசையில். அதிலும் பலர் ஏஜெண்ட் மூலம் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். இயந்திரம் மாறினால் முதலில் வீட்டுக்குப் போவது அவர்கள்தான். அந்தப் பையனுக்கு மனிதவளப் பொறுப்பாளரின் குடும்பப் பெயர் முக்கியமா, பயிற்சித் திட்டம் முக்கியமா?

“அப்போ பிரதிநிதித்துவமே வேண்டாங்கிறியா?” என்று கேட்பார்கள். வேண்டும். நம் மொழி தெரிந்தவர் சபையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த ஊர் அதைவிடப் பெரியதையும் பார்த்திருக்கிறது. ஜார்ஜ் டவுன் நகரமானபோது, 1957இல், அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர். பெரும்பான்மை சீனர்கள் வாழ்ந்த நகரம் அது. அவர் இந்தியர் ஒதுக்கீட்டில் வரவில்லை. தொழிலாளர் கட்சியின் ஆளாக, ஒரு கொள்கையோடு வந்தார். பின்னணியை மட்டும் பேசியிருந்தால் அவருக்கு ஓட்டு எங்கிருந்து வந்திருக்கும்? கொள்கை பேசுகிறவருக்கு மற்ற இனத்தாரும் ஓட்டுப் போடுவார்கள். ‘நம்ம ஆளு’ என்று மட்டும் நிற்பவர் கட்சி கொடுத்த ஓர் இடத்தைக் காவல் காப்பார். கட்சி எடுத்துக்கொண்டால் எழுந்து போவார்.

அடுத்த மாநிலத் தேர்தலில் வேட்பாளர் மாலையோடு வருவார். தமிழ்ப்பள்ளியில் படித்த கதை சொல்வார். கைதட்டலாம், தப்பில்லை. பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். அரசு நிலத்தில் உரிமமில்லாமல் இருக்கும் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் என்ன செய்வீர்கள்? ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்க மாநில அரசு தன் நிலத்தையும் சலுகைகளையும் வைத்து முதலாளிகளிடம் என்ன நிபந்தனை போடும்? 1965இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர உங்கள் கட்சி தயங்கினால் நீங்கள் எந்தப் பக்கம்?

பதிலை எழுதி வாங்குங்கள், தேதியோடு. பதில் இல்லாதவர் எந்தத் தோட்டத்தில் பிறந்திருந்தாலும் அந்த ஓட்டுக்கு அவர் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.