இரண்டாவது கட்டுரைக்கு நாம் போடும் புள்ளி

போன வாரம் மூத்த மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். என்னவென்று விசாரித்தோம்.

"வாப்பா, இந்த அல்பம் வந்த வருஷம் ஆக மோசமான அல்பங்கள்ல இதுவும் ஒண்டெண்டு ஒரு பத்திரிகைட வாசகர்கள் வோட் போட்டாங்களாம். ஆறு வருஷத்துக்குப் பொறகு அதே பத்திரிகைட வாசகர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த அல்பங்கள்ல 16 ஆவது இடம் குடுத்திருக்காங்க. அல்பம் மாறல்லயே?"

அந்தக் கடைசிக் கேள்வி இரண்டு நாட்களாக மனதைக் குடைந்தது. றொக் இசை நமக்குப் பரிச்சயமான துறையல்ல. இசை பற்றிய மார்க்க விவாதத்தையும் இந்தப் பதிவின் கீழ் ஆரம்பிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். நாம் பேச வந்தது மதிப்பீட்டைப் பற்றி. அது ஆசிரியர்களாகிய நமது அன்றாடத் தொழில்.

அந்தக் குழுவின் பெயர் வீஸர். 1992 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆரம்பிக்கப்பட்டது. 1994 இல் வந்த முதல் அல்பத்தின் அட்டை நீல நிறம். அதனால் 'நீல அல்பம்' என்றே பெயராகிவிட்டது. ரிக் ஒகாசெக் என்ற அனுபவசாலி தயாரித்துக் கொடுத்தார். மெட்டுகள் துப்புரவாக இருந்தன, வரிகளில் பகிடி இருந்தது. பத்து இலட்சக்கணக்கில் விற்றது.

அதன்பின் பாடலாசிரியர் ரிவர்ஸ் குவோமோ செய்த காரியம்தான் நம்மைக் கவர்ந்தது. புகழின் உச்சியில் இருந்தவர், 1995 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். பிறப்பிலேயே ஒரு கால் மற்றக் காலைவிடக் குட்டை. அதை நீட்டுவதற்காகச் சத்திரசிகிச்சை செய்து, காலில் உலோகச் சட்டத்தோடு, வேதனையோடு வகுப்புகளுக்குப் போய்வந்தார். விண்வெளிக் கதையொன்றை இசை நாடகமாக்கும் திட்டம் அவரிடம் இருந்தது. அதைக் கைவிட்டார். தனிமை, வெட்கம், ஆசை, தன்மீதே வந்த வெறுப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் பாட்டாக்கினார்.

1996 செப்டெம்பர் 24 இல் இரண்டாவது அல்பம் வந்தது. பெயர் 'பிங்கர்ட்டன்'. புச்சினியின் 'மடாம் பட்டர்ஃப்ளை' இசை நாடகத்தில் ஜப்பானியப் பெண்ணை மணந்துவிட்டுக் கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர் அது. தன்னை அந்த மனிதனின் இடத்தில் வைத்துப் பார்த்தார் குவோமோ. இந்த முறை வெளித் தயாரிப்பாளர் இல்லை, குழுவினரே தயாரித்தார்கள். ஒலி கரடுமுரடானது, கிற்றார் இரைகிறது, குரல் சில இடங்களில் உடைகிறது.

விற்பனைப் பட்டியலில் 19 ஆவது இடத்துக்கு மேல் அது போகவில்லை. பாராட்டிய விமர்சகர்களும் இருந்தார்கள், ஆனால் பெரும்பாலான கேட்போர் முகம் சுளித்தார்கள். 'ரோலிங் ஸ்டோன்' வாசகர்களின் வாக்கெடுப்பில் அவ்வருடத்தின் மோசமான அல்பங்களில் ஒன்றானது. நீல அல்பத்தின் பகிடியைத் தேடி வந்தவர்களுக்கு ஒரு மனிதனின் நாட்குறிப்பு கிடைத்திருந்தது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்வதற்குக் கேட்பவனுக்கு முழு உரிமை உண்டு. பின்னால் வந்த புகழ் முன்னால் சொன்ன எல்லாக் குறையையும் பொய்யாக்கிவிடாது. ஜப்பானிலிருந்து கடிதம் எழுதிய ஓர் இளம் ரசிகையைப் பற்றிய பாட்டு அதில் இருக்கிறது. இன்றும் பலரை அது சங்கடப்படுத்துகிறது, நம்மையும்தான். அந்த அல்பத்தை நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய நாம் வரவில்லை.

நமது ஆட்சேபம் அளவுகோலைப் பற்றியது. அன்றைய கேட்போர் இரண்டாவதை எடுத்து முதலாவதன் பக்கத்தில் வைத்து, "இது அது இல்லையே" என்றார்கள். அது என்ன சொல்ல வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அதன் விளைவைப் பாருங்கள். குவோமோ ஒதுங்கிப் போனார். வீட்டுச் சுவர்களுக்குக் கறுப்பு நிறம் பூசி உள்ளே இருந்த காலமொன்றும் உண்டு. 1998 இல் பேஸ் வாசித்த மட் ஷார்ப் குழுவை விட்டு விலகினார். 2001 இல் மூன்றாவது அல்பம் வந்தது. மீண்டும் ஒகாசெக் தயாரிப்பு, மீண்டும் துப்புரவான சிறிய பாட்டுகள், நன்றாகவும் விற்றது. ஆனால் மனதைத் திறந்து காட்டிய அந்த ஆளை அதில் காணவில்லை. தான் பெற்ற பிங்கர்ட்டனை அவரே அக்காலத்தில் பகிரங்கமாகத் தூற்றினார்.

அதே காலத்தில்தான் இளைஞர்கள் அந்த அல்பத்தைக் கைக்குக் கை மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் தங்கள் ஆரம்பம் அது என்றன. 2002 இல் வாசகர்கள் 16 ஆவது இடம் கொடுத்தார்கள். 2010 இல் விரிவான மறுபதிப்பு வந்தது, முழு அல்பத்தையும் மேடையில் வாசித்தார்கள். நல்லதுதான். ஆனால் 1997 இலும் 1998 இலும் அந்த மனிதன் அதே துணிவோடு எழுதியிருக்கக்கூடிய பாட்டுகளை எந்த மறுபதிப்பும் கொண்டுவந்து தராது.

இதை வாசித்தபோது நமக்குப் பழைய மாணவி ஒருவரின் ஞாபகம் வந்தது.

தரம் 10. தமிழ்த்தினப் போட்டிக்கு அவர் எழுதிய முதல் கட்டுரை அழகானது. உவமை, பழமொழி, நல்ல முடிவுரை. பரிசும் கிடைத்தது. அடுத்த தவணை, வகுப்பில் கொடுத்த கட்டுரைக்கு அவர் கட்டாரில் வேலை செய்யும் வாப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். விடுமுறையில் வந்த வாப்பாவோடு என்ன பேசுவதென்று தெரியாமல் அறைக்குள் இருந்துவிட்டதை எழுதியிருந்தார். வசனங்கள் ஒழுங்கில்லை, முடிவுரையே இல்லை. நாம் சிவப்புப் பேனையால் எழுதினோம்: "முன்னைய கட்டுரையின் தரம் இதில் இல்லை."

அது பிழையான கூற்று அல்ல. தரம் குறைவுதான். ஆனால் அதன்பின் அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை வரை உவமையும் பழமொழியும் முடிவுரையும் ஒழுங்காக வைத்தே எழுதினார். 'ஏ' சித்தியும் எடுத்தார். வாப்பாவைப் பற்றி மறுபடி ஒரு வரிகூட எழுதவில்லை. நாம் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் முயற்சியில் பிள்ளை பெரும்பாலும் நமக்குப் பிடித்ததையே தருகிறது. அதற்குக் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் தந்த தைரியத்தில் இரண்டாவதில் தன்னுடையதைக் கொண்டுவருகிறது. அங்கேதான் நமது பேனை அவசரப்படுகிறது. ஒற்றுப் பிழையைத் திருத்துங்கள், முடிவுரை எழுதச் சொல்லுங்கள், புள்ளியையும் நேர்மையாகவே போடுங்கள். ஆனால் அதற்குப் பக்கத்தில், நீ சொன்னதை வாசித்தேன் என்று ஒரு வரி எழுத நமக்கு என்ன செலவு?

பத்திரிகை வாசகர்களுக்குத் தங்கள் வாக்கை ஆறு வருடம் கழித்து மாற்றிப் போட வாய்ப்புக் கிடைத்தது. நாம் திருத்திக் கொடுத்த கொப்பி திரும்பி வராது.

அந்த மாணவி இன்று நம்மைப் போல ஓர் ஆசிரியை. இந்தப் பதிவைக் கண்டால், மகளே, அந்தச் சிவப்பு வரிக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டுரையைத்தான் நாம் இன்னும் மறக்கவில்லை.