தாதிக்கு இரக்கம் போதும் என்பார்க்கு

மரணத்தை எதிர்நோக்கியிருப்போரைப் பேணும் ஹாஸ்பிஸ் இல்லங்களில் பணிபுரியும் தாதிக்கு இளகிய நெஞ்சும் பொறுமையும் இருந்தாற் போதும், ஆராய்ச்சியும் விசேஷப் பயிற்சியும் அங்கே அதிகப்படி என்று கருதுவோர் படித்தவர்களிடையேயும் பலர் உளர். கேட்க இனிய அபிப்பிராயந்தான். அதற்குச் சொல்லப்படும் காரணங்களோ ஒன்றேனும் சோதனைக்குத் தாங்குவதாக இல்லை.

குணப்படுத்த இயலாத இடத்தில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். தாதியாகப் பயின்று, முதுகு நோயினால் அத்தொழிலை விட்டு, மருத்துவமனைச் சமூக சேவகியாகி, 1957-இல் வைத்தியப் பட்டமும் பெற்று, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார், இரக்கத்துக்குக் குறைவில்லாத ஆஸ்பத்திரிகளிலேயே நோயாளிகள் வலியால் துடிப்பதைக் கண்டவர். வலி மூண்டபின் நோயாளி கெஞ்சினால் மார்பின் கொடுப்பது அக்கால வழக்கம். முந்திய வேளை மருந்தின் பலன் அடங்குமுன்பே அடுத்ததை நேரந் தவறாது கொடுக்கும் முறையை அவர் செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் கண்டு, பின்னர் செயின்ட் ஜோசப் இல்லத்தில் நோயாளிதோறும் குறிப்பெழுதி, வலியும் நீங்கும், அறிவும் தெளிந்திருக்கும் என்று காட்டினார். அந்த ஆஸ்பத்திரிகளில் குறைவாயிருந்தது கருணையன்று, கடிகாரமே.

இத்தகைய சிகிச்சை ஆயுளைக் குறுக்கும் என்பாரும் உளர். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நோய்த்தணிப்புச் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே பெற்றோர் 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் 8.9 மாதமும் இடைநிலை அளவில் உயிர்வாழ்ந்தனர். ஒரு வியாதியைப் பற்றிய ஓர் ஆய்வே இது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் சான்று காட்டும் பொறுப்பு இனி எதிர்த்தரப்பினரைச் சார்ந்தது.

எஞ்சிய காரணமே மிகவும் வசீகரமானது: அன்புள்ளவளுக்கு முகத்தைப் பார்த்தாலே வலி தெரியுமாம். பேசத் தெரிந்தவரிடம் இது ஒருவாறு செல்லும். பேச்சற்ற அறிவுசார் மாற்றுத்திறனாளி ஒருவர் தலையில் அடித்துக்கொண்டாலும், உணவை ஒதுக்கினாலும், வழக்கத்துக்கு மாறாக அடங்கிக் கிடந்தாலும், ‘அவர் சுபாவமே அப்படி’ என்று ஊனத்தின்மேற் பழியைப் போட்டு, அடியிலுள்ள புற்றுநோயை மறப்பது நல்லவர்களும் செய்யும் பிழை. வடஇங்கிலாந்தில் கிளாட் ரெக்னார்டு என்னும் ஹாஸ்பிஸ் வைத்தியரும் அவருடன் உழைத்தவர்களும் உருவாக்கிய ‘டிஸ்டாட்’ என்னும் குறிப்பேடு இங்கேதான் உதவுகிறது. வலிக்கென்று தனி அடையாளம் ஏதுமில்லை, ஒவ்வொருவரும் துன்பத்தைத் தமக்கே உரிய விதத்தில் காட்டுகிறார்கள் என்பதே அதன் அடிப்படை; ஆகையால் அம்மனிதர் நிம்மதியாயிருக்கையில் அவருடைய முகம், குரல், அமர்வு, பழக்கம் எப்படியிருக்கும் என்பதையும், வருந்துகையில் அவை எவ்வாறு மாறும் என்பதையும் அவரை நெடுங்காலம் அறிந்தோரிடம் கேட்டுப் பதிந்து, பின்பே காரணத்தைத் தேடுகிறார்கள். மதிப்பெண் போடும் ஏற்பாடு அதில் இல்லவே இல்லை. தாயின் உள்ளுணர்வை ஆராய்ச்சி அவமதிக்கிறது என்பாருக்கு ஒன்று சொல்லுவேன்: அந்த உள்ளுணர்வை, நோயாளியை முன்பின் அறியாத இரவுநேரத் தாதியும் வாசிக்கும்படி எழுதிவைத்தது இவ்வாராய்ச்சியே.

‘இவர்களுக்குச் சாவைப் பற்றிச் சொல்லலாகாது, விளங்காது’ என்பதும் கருணையின் பெயராற் சொல்லப்படுவதே. ஹாஸ்பிஸ், அறிவுசார் மாற்றுத்திறனாளர் பராமரிப்பு ஆகிய இரு துறையிலும் பணியாற்றிய தாதியும் ஆய்வாளருமான ஐரீன் டஃப்ரி-வைன், செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, கேட்பவர் ஏற்கெனவே அறிந்ததன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்லும் முறையை வகுத்திருக்கிறார்; எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லியே தீரவேண்டும் என்று அவர் வற்புறுத்தவுமில்லை. ஷீலா ஹாலின்ஸ் அம்மையார் 1989 முதற்கொண்டு, தகப்பன் இறப்பையும் தாய் இறப்பையும் எழுத்தின்றிப் படங்களாலேயே விளக்கும் நூல்களை வெளியிட்டு வந்தார். எந்தப் படத்தில் நிறுத்துவது, எந்தக் கேள்விக்காகக் காத்திருப்பது என்பவற்றை, சாவை அதிகம் கண்டிராத மாற்றுத்திறனாளர் இல்லப் பணியாளரும், அவ்வூனத்தை அதிகம் பழகியிராத ஹாஸ்பிஸ் தாதியும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றாக வேண்டியிருக்கிறது.