பெயர் ஒட்டாத றபான்கள்

இலண்டனில் வாழும் நண்பரொருவர் பழைய ஸ்பானியக் கிற்றார்களின் ஏலப் பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தார. வாத்தியம் எதையும் கையில் எடுத்தறியாத எனக்கு இது எதற்கு என்று எண்ணியபடியே புரட்டினேன். நள்ளிரவு வரை மூடி வைக்க முடியவில்லை.

அதில் கருவியோடு ஒரு காகிதத் துண்டும் படம் பிடித்துப் போடப்பட்டிருந்தது. கிற்றாரின் வட்டத் துவாரத்தினூடே பார்த்தால் உள்ளே தெரியும் சீட்டு அது: செய்தவர் பெயர், ஊர், ஆண்டு. அல்மேரியாவில் பிறந்த தச்சர் அந்தோனியோ தெ தொர்ரெஸ் (1817–1892) இன்றைய கிற்றாரின் உடலமைப்பை வகுத்தவர். ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் என்று காட்ட, 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்தாராம். பிளமென்கோ கிற்றாருக்கோ சைப்ரஸ் மரம். ரோஸ்வூட்டைவிட மலிவு, எடையும் குறைவு. சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் அதன் வறண்ட ஓசை, ஆடுவோரின் காலடிக்கு இசைந்தது. ஏழைகளின் மரம் என்று சொல்லலாம். இன்று அதற்குப் பெருவிலை.

சீட்டும் முழு உண்மை சொல்வதில்லை. செகோவியா வாசித்த 1912ஆம் ஆண்டுக் கிற்றாரில் மனுவேல் ராமிரெஸின் பெயர் இருக்கிறது. செய்த கை அவரது பட்டறையில் வேலை பார்த்த சாந்தோஸ் ஹெர்னாந்தெஸுடையது என்பர். அந்தக் கையைத் தேடிப் போவதற்கும் அந்தச் சீட்டுத்தானே தொடக்கம்!

அந்தலூசியாவின் முஸ்லிம்களுக்கு வழங்கிய 'மூர்' என்ற பெயரையே போர்த்துக்கேயர் எம் மூதாதையர்மீதும் ஒட்டினார்கள். கல்முனைக் கரையில் எம்மவர் வாத்தியத்தில் மட்டும் எவரும் எந்தப் பெயரையும் ஒட்டவில்லை. நான் சொல்வது றபானை. நோன்பு மாதத்தில் சஹருக்கு ஊரை எழுப்பிச் செல்லும் பாவாவின் றபான். ஜமாதுல் ஆகிரில் கடற்கரைப் பள்ளியில் 12 நாள் கொடியேற்றத்தின்போது பைத்தோடு சேர்ந்தொலிக்கும் றபான்.

மர வளையமும் ஆட்டுத்தோலும்தான் றபான். உப்புக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். தணலில் காட்டி முறுக்கேற்றித்தான் அடிக்க வேண்டும். கிழிந்தால் புதுத்தோல் போர்த்துவார்கள். வளையம் அப்படியன்று, தோல் மாற மாற அது நிலைத்திருக்கும். கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் கண்ட வளையத்தில், பெருவிரல் பதியும் இடம் வழுவழுவென்று தேய்ந்து கறுத்திருந்தது. யார் கடைந்தது என்று கேட்டேன். "மூத்தவாப்பாட காலத்துக் கட்டை, தம்பி" என்றார் வீட்டுப் பெரியவர். கடைந்தவன் யாரென்று அவருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையின் வீடுகளை அள்ளிச் சென்றபோது இத்தகைய கட்டைகள் எத்தனை போயினவோ!

றபான் கூடுமா கூடாதா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. திருமணத்தில் தஃப் அடிப்பதற்கு ஹதீஸில் இடமிருக்கிறது என்பாரும் உளர், பள்ளிவாசற் பக்கம் அதன் ஓசையே வேண்டாம் என்பாரும் உளர். என் கவலை வேறு. வேண்டாமென்று ஒதுக்குவோருக்கும் தாம் எதை ஒதுக்குகிறோம் என்பதற்கு ஒரு பதிவு வேண்டும். ஓசையை ஒலிநாடாவிலாவது பிடித்து வைக்கலாம். எந்த மரத்தை எப்போது வெட்டுவது, தோலை எத்தனை நாள் ஊறப்போடுவது என்பதெல்லாம் செய்தவனோடு மண்ணுக்குள் போய்விடும்.

காத்தான்குடியில் முஸ்லிம்களின் நூதனசாலை ஒன்று உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கிருந்து கல்முனைக்கு ஒரு பஸ் பயணந்தான். அடுத்த கொடியேற்றத்தின்போது இரண்டு மாணவர்கள் ஒரு குறிப்பேட்டுடன் வந்து, பாவாமாரின் கையிலுள்ள ஒவ்வொரு றபானையும் புரட்டிப் பார்த்து, இதைக் கடைந்தது யார், எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.