பேய் எந்தத் தெருவிலிருந்து வருது?

மடவார் வளாகத்தில் வைத்தியநாதசாமி கோயில் பக்கம் ஒரு டீக்கடை. கல்லூரிப் பையன்கள் நாலு பேர் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நாலு பேய்க்கதை, நாலு இயக்குநர், ஒரே படம். தயாரிப்பாளர் கிடையாது. கைக்காசும் செல்போனும்தான். எனக்குச் சந்தோஷம். ஒருத்தன் தன் கதையைச் சொன்னான். காலனிப் பெண்ணொருத்தி புளியமரத்தில் தொங்குகிறாள். ராத்திரியானால் ஊர்த்தெருவுக்குள் வந்து ஆளை அடிக்கிறாள். கடைசியில் பூசாரி வந்து மரத்தில் ஆணியடிக்கிறார்.

"அவளத் தொங்கவிட்டது யாருன்னு படத்துல வருதா தம்பி?"

"பிளாஷ்பேக்ல ரெண்டு நிமிசம் வரும்ணே."

அந்த ரெண்டு நிமிசத்தைப் பற்றித்தான் என் சண்டை.

நம்ம பேய்ப்படங்களின் ஒழுங்கு இதுதான். கொலை பின்னணி, கொலையுண்டவள் கிளப்பும் பீதிதான் கதை. கொன்னவனைவிடச் செத்தவள் ஆபத்தானவள் என்று பாடம் எடுக்கிறார்கள். 2011இல் வந்த 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை பழிவாங்குகிறாள், சரி. அதற்கும் கதாநாயகனின் உடம்பு வாடகைக்கு வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்கள் செத்த பிறகுகூடச் சொந்த உடம்போடு நியாயம் கேட்கக் கூடாது!

பல இயக்குநர்கள் சேர்ந்தால் பல குரல் வரும் என்கிறார்கள். வருமா? 2020 புத்தாண்டன்று நெட்பிளிக்ஸில் 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' வந்தது. சோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் என்று நாலு பேர். மூணு கதைகளில் பயம் வீட்டுச் சுவருக்குள்ளேயே சுத்துது. திபாகர் ஒருத்தர்தான் ஊரைத் தொட்டார்: பெரிய ஊர்க்காரன் சின்ன ஊர்க்காரனைத் தின்கிறான். சேரியில் பிறந்தவனுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

2022இல் சோனிலிவ்வில் வந்த 'விக்டிம்' பேய்ப்படமல்ல. சிம்புதேவன், பா. இரஞ்சித், எம். ராஜேஷ், வெங்கட்பிரபு எடுத்த நாலு கதை. இரஞ்சித்தின் 'தம்மம்' பட்டப்பகலில், வயல்வெளியில் நடக்கிறது. பேயும் இல்லை, இருட்டும் இல்லை. ஆனாலும் எனக்கு அடிவயிறு கலங்கியது. நம்ம பயம் பகல்நேரத்துப் பயம், தோழர்களே.

கொல்லப்பட்டவர்களைப் பார்த்து நம்ம பாட்டன் பூட்டன் ஓடலை. கழுவேறிய காத்தவராயனையும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனையும் சாமியாக்கிப் படையல் போட்டார்கள். அது நம்ம மரபு. ஆணியடிக்கிறது ஆதிக்கத்தின் மரபு. பையன்கள் எந்த மரபில் படம் எடுக்கப் போகிறார்கள்?

"அரசியல் பேசினா பயம் வராதுண்ணே" என்றான் ஒருத்தன்.

2012இல் 'தி ஏபிசிஸ் ஆஃப் டெத்' என்று ஒரு படம் வந்தது. பல நாட்டு இயக்குநர்கள் சேர்ந்து, ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் எழுத்துக்கொரு சாவுக்கதை எடுத்தார்கள். ஓர் எழுத்தைப் போட்டி வைத்துப் புதிய ஆளுக்குக் கொடுத்தார்கள். நல்ல வடிவம். நமக்கும் அரிச்சுவடி இருக்கு.

கீ: கீழ்வெண்மணி, 1968. தீ வைக்கப்பட்ட ஒரு குடிசை, 44 உயிர்.
மே: மேலவளவு, 1997. ஒரு பஸ். ஊராட்சித் தலைவர் முருகேசனோடு 7 பேர்.
கோ: கோகுல்ராஜ், 2015. ஒரு தண்டவாளம்.
வே: வேங்கைவயல், 2022. மலம் கலந்த குடிதண்ணீர்த் தொட்டி.

குடிசை, பஸ், தண்டவாளம், தண்ணித் தொட்டி. இதைவிடப் பயங்கரமான செட் எந்த ஸ்டுடியோவில் இருக்கு? பயம் வராதாம்!

பிணத்தைக் காட்ட வேண்டாம். அது இன்னொரு வியாபாரம். தீக்குச்சி உரசின கையைக் காட்டு. அந்தக் கை மறுநாள் காலையில் டீக்கிளாஸைப் பிடிக்கிறதைக் காட்டு. பேயைப் பார்த்து நடுங்காதவனும் அதைப் பார்த்து நடுங்குவான். கொஞ்ச பேருக்குத் தன் கையையே பார்க்கப் பயம் வரும். அந்தப் பயம்தான் நமக்கு வேணும்.

தம்பிகளா, காசு போடுகிற முதலாளி உங்களுக்கு இல்லை; வெட்டு என்று சொல்ல ஆளும் இல்லை. அப்புறம் எதுக்கு முதலாளி கதையை எடுக்கிறீங்க? அந்த ரெண்டு நிமிசத்தையே முழுப்படமா எடுங்க. பூசாரிக்கு அதில் வேலையே இருக்காது.