ட்ரம்புக்கு அன்று யாகம், இன்று புறக்கணிப்பு கோஷம்: தேசியவாதிகளுக்கு சீனாவைவிட அமெரிக்கா மேல் ஏன் இவ்வளவு கோபம்?

2016 மே மாதம் டெல்லி ஜந்தர் மந்தரில் ட்ரம்ப் படத்தை வைத்து யாகம் வளர்த்தது இந்து சேனா. அமெரிக்கத் தேர்தலில் அவர் ஜெயிக்க வேண்டுமாம். 2025 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச், அமெரிக்கப் பொருட்களை வாங்காதீர்கள் என்று சின்னச் சின்னப் பேரணிகள் நடத்தியது. நடுவில் என்ன ஆச்சு?

வரிதான் உடனே நினைவுக்கு வரும். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காகக் கூடுதலாக 25% போட்டு, மொத்தத்தை 50% ஆக்கினார் ட்ரம்ப். நம்மைவிட அதிகமாக ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு அந்தத் தண்டனை இல்லை.

ஆனால் காயம் அதற்கு முன்பே பட்டுவிட்டது. ஆபரேஷன் சிந்தூர் முடிந்த ஆறு வாரத்துக்குள் பாகிஸ்தான் ராணுவத் தளபதி அசிம் முனீரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார் ட்ரம்ப். சண்டையை நிறுத்தியதே நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாகிஸ்தான் விவகாரத்தில் மூன்றாவது ஆள் வேண்டாம் என்பது டெல்லியின் நெடுநாள் நிலைப்பாடு. அதில் கை வைத்ததுதான் வலித்தது.

சீனா மட்டும் என்ன நண்பனா?

அதே சண்டையில் பாகிஸ்தானுக்கு சீனா உடனுக்குடன் தகவல் கொடுத்தது என்று சொன்னவர் நம் ராணுவத் துணைத் தளபதி ராகுல் சிங். அப்படியும் ஆகஸ்ட் 31-ல் தியான்ஜினில் மோடியும் ஜி ஜின்பிங்கும் கைகுலுக்கியபோது அந்த முகாமில் பெரிதாகச் சத்தம் இல்லை. எதிரி எதிரி மாதிரி நடந்துகொண்டால் அதிர்ச்சி ஏது?

அமெரிக்கா கதை வேறு. 1998-ல் அணுகுண்டு சோதனை நடத்திய கையோடு வாஜ்பாய் கிளிண்டனுக்குக் கடிதம் எழுதி, பெயர் சொல்லாமல் சீனாவைக் காரணம் காட்டினார். அமெரிக்கா தடை விதித்தது. அதன் பிறகும் சில மாதங்களில் நியூயார்க் போய், இரு நாடுகளும் இயல்பான கூட்டாளிகள் என்றார். வாஷிங்டன் நம்மைப் பெரிய சக்தியாக ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் அப்போதே இருந்தது. வேண்டப்பட்டவர் வீட்டுப் பந்தியில் நம்மை நிற்க வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரருக்கு முதல் இலை போட்டால் வருமே, அந்தக் கோபம் இது.

சரி, அந்தக் கோபம் எதுவரை போனது? 2020-ல் கல்வானில் 20 வீரர்கள் உயிரிழந்த இரண்டே வாரத்தில் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்கு அரசே தடை போட்டது. இந்த முறை அமெரிக்கச் செயலி எதற்கும் தடை இல்லை. ஜோஹோவின் 'அரட்டை'யைப் பயன்படுத்துங்கள் என்று மத்திய அமைச்சர்கள் சொன்னதோடு சரி (பெயர் என்னவோ பச்சைத் தமிழ்!).

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 2024-25 நிதியாண்டில் அமெரிக்காவுக்கு நாம் விற்ற சரக்கு சுமார் 8,650 கோடி டாலர். சீனாவுடனான வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். திருப்பூர் பனியனுக்கு ஆர்டர் அமெரிக்காவிலிருந்து வருகிறது, மாத்திரை தயாரிக்க மூலப்பொருள் சீனாவிலிருந்து வருகிறது.