எண்ணப்படாத கைகள்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். பன்னிரண்டுக்கு நாடே அடைபட்டது. நான்கு மணி நேர அவகாசமாம்! எதில் ஏறிப் போவது? பயணிகள் இரயில் 22-ஆம் தேதியே நின்றுவிட்டதே!

தோழர்களே! திருப்பூரில் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை. செவ்வாயன்று எவர் மடியில் காசு மிஞ்சியிருக்கும்? தேனிக்காரர், ஒரிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் லைன் வீட்டுக்குள்ளே. உலகத்தார்க்கு உடுப்புத் தைத்த கைகள், ஒருவேளைச் சோற்றுக்கு வரிசையில் நின்றன.

மார்ச் 29-இல் டில்லி ஓர் உத்தரவு போட்டது: சம்பளத்தைப் பிடிக்காதே, தொழிலாளியிடம் ஒரு மாத வாடகை கேளாதே என்று. நல்ல உத்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: பீஸ் ரேட்டுக்குத் தைப்பவனுக்கு முழுச் சம்பளம் என்பது எவ்வளவு? காண்டிராக்டர் அழைத்து வந்தவனுக்கு முதலாளி யார்? பெயரைப் பதிவு செய், பாஸ்புத்தகம் கொடு, வழிச்செலவு கொடு என்று வெளிமாநிலத் தொழிலாளர்க்கு 1979-லேயே சட்டம் வந்தது. எத்தனை பேர் பையில் இருந்தது அந்தப் புத்தகம்? பதிவிலே பெயரில்லாதவன் உத்தரவை யாரிடம் நீட்டுவான்? மே மாதம் சிறப்பு இரயில் வந்தது, ஊர் போனான். மே 18-இல் அந்தச் சம்பள உத்தரவும் போயிற்று.

செக்கிங் மேசையிலே பனியனை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தால் கேள்வி வருகிறது. செப்டம்பர் 14-இல் மக்களவையிலே கேட்டார்கள்: ஊர் திரும்பும் வழியில் மாண்ட தொழிலாளர் எத்தனை பேர்? அப்படியொரு விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். நட்டஈடு? விவரமே இல்லாதபோது அந்தக் கேள்வியே எழவில்லை என்பது அடுத்த பதில்.